மாத்தளை இருப்புப் பாதை: வரலாறும் எஞ்சிய சுவடுகளும்

இலங்கையின் நடுநாயகமாய் விளங்கும் மாத்தளைக்கு வரலாற்றுப் பெருமைகள் பல உள. அலுவிகாரையும் நாலந்தாவும் பண்டைச் சிறப்பை உணர்த்துவன. 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சி அந்நியராட்சியை எதிர்த்த வீரத்தை நினைவூட்டுவது. ஆயினும் நம் நகரின் இன்றைய வாழ்வுக்கு அடிகோலிய ஒன்றனை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. 1880ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் இந்நகரை வந்தடைந்த இருப்புப் பாதையே அது. அப்பாதை ஏன் இடப்பட்டது, யாருக்குப் பயன்பட்டது, அதன் சுவடுகளாக இன்று எஞ்சியவை எவை என்பனவற்றை இளைய மாணவரும் அறிந்து கொள்ளுமாறு இங்கே சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

கோப்பியும் மாட்டுவண்டியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலைநாட்டுச் செல்வம் கோப்பியே. காடழித்துத் தோட்டம் அமைத்த துரைமாருள் ஸ்கொத்லாந்து நாட்டவர் மிகப் பலர். 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரவில் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலை பயிரிட்டுப் புகழ்பெற்ற ஜேம்ஸ் டெயிலரும் அந்நாட்டவரே. மலையிலே விளைந்த கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்திற்குக் கொண்டு செல்வது அக்காலத்திற் பெரும்பாடாக இருந்தது. மாட்டுவண்டிகள் நாட்கணக்காக, மழைக்காலமாயின் வாரக்கணக்காக, வழியில் உழன்றன. மாடுகள் நோயால் மடிந்தால் வண்டிகள் நின்றன. வண்டிகள் நின்றால் கோப்பி மூட்டைகள் களஞ்சியத்திற் கிடந்து கெட்டன.

இவ்விடரைத் தீர்க்கவே தோட்டத் துரைமார் புகையிரதம் வேண்டுமென அரசாங்கத்தை ஓயாது கேட்டு வந்தனர். 1845ஆம் ஆண்டில் இதற்கெனக் கம்பனி ஒன்று தோன்றியது. 1858இல் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடங்கி வைத்தார். எனினும் செலவு மதிப்பீடு எல்லை மீறவே, 1861இல் கம்பனியுடனான ஒப்பந்தம் முடிவுற்று, அரசாங்கமே பொறுப்பை ஏற்றது. பேவியல் என்பார் ஒப்பந்தகாரராக அமைந்து பாதையை இட்டார். 1864ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆம் நாள் முதற் புகையிரதம் கொழும்பிலிருந்து அம்பேபுச வரை ஓடிற்று. 45 அடி சென்றால் ஓர் அடி உயரும் கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்து, 1867இல் பாதை கண்டியை அடைந்தது. 1874இல் மற்றொரு கிளை நாவலப்பிட்டியை எட்டியது. அடுத்து வந்தது மாத்தளையின் முறை.

ஆற்றைக் கடந்து வந்த வழி

கண்டி நகர் மகாவலியின் வளைவொன்றினுள் அமைந்திருப்பது. தெற்கே கம்பளைப் பக்கமிருந்து வரும் ஆறு, நகரின் மேற்கே ஓடி, வடக்கே திரும்பிச் சுற்றிக் கிழக்கு நோக்கிச் செல்கின்றது. ஆதலின் கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் பாதை பேராதனையருகே ஆற்றை ஒருமுறை கடக்க வேண்டும். கண்டியிலிருந்து வடக்கேயுள்ள மாத்தளைக்குப் போகும் பாதை கட்டுகஸ்தோட்டையில் அதே ஆற்றை மீண்டும் கடக்க வேண்டும். இதற்கிடையே கண்டி நகரைச் சூழ்ந்த குன்றையும் ஊடறுக்க வேண்டியிருந்தது. அவ்வாறு குடையப்பட்டதே மஹியாவைச் சுரங்கவழி.

கட்டுகஸ்தோட்டையை விட்டகன்ற பாதை நேரே வடக்கு நோக்கி வரவில்லை. கிழக்கே ஒதுங்கி வத்தேகமவைத் தொட்டது. பன்விலை, மடுல்கலை முதலிய மலைப்பகுதித் தோட்டங்களின் விளைபொருளை ஏற்றிக்கொள்ள வத்தேகமவே வாய்ப்பான இடமாகும். வண்டி செல்லும் திசையைத் தோட்டமே தீர்மானித்தது என்பதற்கு இது நல்ல சான்று. வத்தேகமவிலிருந்து பாதை சுது கங்கைப் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கி, உக்குவளையைக் கடந்து மாத்தளையை அடைகின்றது. கண்டி சுமார் 1,600 அடி உயரத்திலும் மாத்தளை சுமார் 1,200 அடி உயரத்திலும் இருப்பதால், இவ்வழி பெரிதும் இறக்கமாகவே அமைந்தது. பேராதனைச் சந்தியிலிருந்து மாத்தளை வரை பாதையின் நீளம் ஏறத்தாழ 21 மைல்.

உக்குவளைக்கும் மாத்தளைக்கும் இடையேயுள்ள நிறுத்தங்களுள் ஒன்று தவலன்கொய எனப்படும். சிங்களத்தில் தவலம் என்பது பொதிமாட்டுக் கூட்டத்தைக் குறிக்கும். வண்டியும் புகையிரதமும் வருமுன் உப்பும் பாக்கும் சுமந்து இம்மலைகளில் நடந்த பொதிமாடுகளை அப்பெயர் கேட்போர்க்கு நினைவூட்டும்.

தண்டவாள அகலமும் ஸ்கொத்லாந்தும்

மாத்தளைப் பாதையின் இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம் 5 அடி 6 அங்குலம். இங்கிலாந்தில் வழங்குவதோ 4 அடி 8½ அங்குலம். ஆங்கிலேயர் இட்ட பாதை ஆங்கில நாட்டு அளவினின்றும் வேறுபட்டது ஏன் என மாணவர் வினவக்கூடும்.

இவ்வளவு இலங்கைக்கு இந்தியாவிலிருந்து வந்தது. இந்தியாவிற் புகையிரதம் தொடங்கிய காலத்தில் மகாதேசாதிபதியாக இருந்த டல்ஹௌசி பிரபு, பெருநாட்டுக்கு அகன்ற பாதையே ஏற்றதென வாதித்து 6 அடி வேண்டுமென்றார். முடிவில் 5 அடி 6 அங்குலம் ஒப்புக்கொள்ளப்பட்டது. டல்ஹௌசியும் ஸ்கொத்லாந்திற் பிறந்தவரே. இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. இந்திய அளவு என்று உலகம் இன்று கூறும் இதே அகலத்தில், இந்தியாவிற் புகையிரதம் ஓடுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, ஸ்கொத்லாந்தில் இரு சிறு பாதைகள் இருந்தன. 1838ஆம் ஆண்டிற் டண்டீ நகரையும் ஆர்புரோத் நகரையும் இணைத்த கடற்கரைப் பாதை ஒன்று. ஆர்புரோத்திலிருந்து உள்நாட்டுப் போர்ஃபருக்குச் சென்றது மற்றொன்று. ஏனைய பாதைகளோடு இணைய முடியாமல் தனித்து நின்றமையால், பத்தாண்டுகள் கழிவதற்குள் அவை வழக்கமான குறுகிய அளவிற்கு மாற்றப்பட்டன. பிறந்த இடத்தில் நிலைக்காத அளவு, கடல் கடந்த நாடுகளில் நிலைத்துவிட்டது. மாத்தளை நிலையத்தின் தண்டவாளத்தை அளந்து பார்க்கும் மாணவன், டண்டீயில் மறைந்துபோன ஓர் அளவையே அளக்கின்றான்.

வந்த காலமும் வாராத பொருளும்

பாதை இங்கு வந்தபோது அது யாருக்காக இடப்பட்டதோ அந்தக் கோப்பி அழிந்து கொண்டிருந்தது. 1869ஆம் ஆண்டில் முதன்முதற் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய், ஒருவகைப் பூஞ்சணத்தால் வருவது. இலையின் கீழ்ப்புறத்தே செம்மஞ்சட் பொடியாய்ப் படர்ந்து, இலையை உதிரச் செய்து, மரத்தை வலிகுன்றச் செய்யும். 1870ஆம் ஆண்டளவில் இலங்கை ஏற்றுமதி செய்த கோப்பி ஏறத்தாழப் பத்து இலட்சம் அந்தர். 1890ஆம் ஆண்டளவில் அதிற் பத்தில் ஒரு பங்குதானும் இல்லை. மாத்தளைப் பாதை திறக்கப்பட்ட அதே 1880ஆம் ஆண்டிலேதான் மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலறிஞர் இந்நோயை ஆராய இலங்கைக்கு அனுப்பப்பட்டார். நோயின் இயல்பை அவர் விளக்கினார். தோட்டங்களை மீட்க இயலவில்லை.

எனினும் பாதை வீணாகவில்லை. மாத்தளை நிலம் ஒரு பயிரையே நம்பியிருக்கவில்லை. கொக்கோவும் தேயிலையும் பின்னர் இறப்பரும் இங்கே வளர்ந்தன. மிளகும் ஏலமும் கராம்பும் ஏற்கெனவே இம்மண்ணுக்கு உரியன. கோப்பிக்கென வந்த வண்டிகள் இவற்றை ஏற்றின. திரும்பி வரும்போது அரிசியும் துணியும் மண்ணெண்ணெயும் கொணர்ந்தன. கடைவீதி பெருகிற்று. பாதைக்கென வகுத்த நோக்கம் பொய்த்தும் பாதை நிலைத்தது.

நடந்து வந்தோர்

புகையிரதம் வருமுன்னரே மாத்தளைக்கு வேறொரு வழி இருந்தது. அதனைக் கூறாது இவ்வரலாறு நிறைவுறாது. இராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரின் பின்னே புறப்பட்ட நம் முன்னோர், படகேறி மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா வழியாகச் சுமார் 150 மைல் காட்டுப் பாதையை நடந்தே கடந்து மாத்தளையை அடைந்தனர். இதுவே வடபாதை. வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவ்வழியிற் பலரைக் கொன்றன. இறந்தோருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. உயிரோடு வந்து சேர்ந்தோர்க்கு மலைநாட்டின் வாயிலாக அமைந்தது மாத்தளை. அவர்தம் வழிபாட்டோடு வளர்ந்ததே ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயம். மாசி மகத்திற் பஞ்சரதங்கள் வீதிவலம் வரும்போது, அவ்வழி நடந்த கால்களையும் நாம் நினைத்தல் தகும்.

கோப்பித் தொழில் பருவத் தொழில். அறுவடைக்கு வந்தோருட் பலர் அது முடிந்ததும் அதே காட்டு வழியில் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் ஆள் வேண்டுவது. ஆதலின் வந்தவர் தங்கினர், குடும்பமாயினர், லயங்கள் ஊராயின. கோப்பியின் வீழ்ச்சி துரைமாருக்கு நட்டமாக முடிந்தது. ஒரு மக்கட் கூட்டத்திற்கோ அதுவே நிலையான குடியிருப்பின் தொடக்கமாயிற்று. 1914ஆம் ஆண்டில் தலைமன்னார்ப் பாதையும் தனுஷ்கோடிக் கப்பற் சேவையும் தொடங்கியபின், தொழிலாளர் புகையிரதத்திலேயே மலைநாட்டை அடைந்தனர். கொழும்பிலிருந்து வடக்கே செல்லும் பாதையும் மாத்தளை வழியாக நீளாது, பொல்காவலையிற் பிரிந்து குருநாகல் வழியாகச் சென்று 1905இல் யாழ்ப்பாணத்தை இணைத்தது. யாழ்ப்பாண வீதி மாத்தளையூடே செல்கின்றது. புகையிரதமோ மாத்தளையோடு நின்றுவிட்டது.

மலையகத்தார் புகையிரதத்தைக் 'கோச்சி' என்பர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்களைப் பற்றி, 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஸ்ரீமாவோ, சாஸ்திரி ஆகிய இரு பிரதமரும் உடன்படிக்கை செய்தனர். அதன்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவராயினர். தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற வண்டி 'அழுகைக் கோச்சி' எனப் பெயர் பெற்றது. நிலையத்து மேடையில் உறவினர் கதறி நிற்க அது புறப்பட்டமையால் வந்த பெயர் அது. பாட்டன் நடந்து வந்த திசையிலே பேரன் வண்டியிற் கொண்டு செல்லப்பட்டான்.

எஞ்சிய சுவடுகள்

இவ்வரலாற்றின் சுவடுகளை நாம் நூல்களில் மட்டும் தேட வேண்டுவதில்லை. மஹியாவைச் சுரங்கவழியும் கட்டுகஸ்தோட்டை ஆற்றுக் கடவையும் வத்தேகம, உக்குவளை நிலையங்களும் அகலப் பாதையும் அவ்வழியே செல்வோர் கண்ணுக்குப் புலனாவன. தவலன்கொய போன்ற பெயர்களும் சுவடுகளே. 1976ஆம் ஆண்டில் மகாவலி நீரைப் போல்கொல்லையில் மறித்து, மலையைக் குடைந்து, உக்குவளை மின்நிலையத்திற்குக் கொணர்ந்தனர். புகையிரதம் மலையைச் சுற்றி வந்தடைந்த சுது கங்கைப் பள்ளத்தாக்கை, நீர் மலையின் ஊடாக வந்தடைகின்றது.

வடபாதையின் சுவடு கண்ணுக்கு அத்துணை எளிதிற் புலனாவதன்று. காடு அதனை மூடிவிட்டது. ஆயினும் 2023ஆம் ஆண்டு, மலையகத் தமிழர் வரத் தொடங்கி இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றதை முன்னிட்டு, ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரிற் புறப்பட்ட நடைபயணம், ஓகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையில் நிறைவெய்தியது. மூதாதையர் நடந்த வழியைப் பேரப்பிள்ளைகள் தம் காலால் மீண்டும் அளந்தனர். வழி மறைந்தாலும் நினைவு மறையவில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஸ்கொத்லாந்து நாட்டார் தம் பழம் பாதைகளைப் போற்றும் முறை நமக்குப் பாடமாகும். 1812ஆம் ஆண்டிற் திறக்கப்பட்ட கில்மார்னொக் - ட்ரூன் பாதை குதிரைகள் வண்டியிழுத்த காலத்தது. அதற்கென ஏர்வின் ஆற்றின்மேற் கட்டப்பட்ட நான்கு வளைவுக் கற்பாலம், பாதை வேறிடத்திற்கு மாறியபின் நூறாண்டுகளுக்கு மேல் கைவிடப்பட்டுச் சிதைந்து கிடந்தது. 1990களின் நடுவில் அதனைச் செப்பனிட்டு நிலைநிறுத்தினர். அவ்வழியே வண்டி எதுவும் ஓடப்போவதில்லை. தம் நாட்டு வரலாறு என்ற ஒன்றற்காகவே அது காக்கப்பட்டது.

நாம் கற்பாலம் ஒன்றைச் செப்பனிட வேண்டுவதில்லை. நம்மால் இயல்வது வேறு. வடபாதையைப் பற்றித் தம் பாட்டன் பாட்டி சொல்லக் கேட்ட முதியோர் இன்னும் நம்மிடையே உளர். அழுகைக் கோச்சியைத் தம் கண்ணாற் கண்டோரும் உளர். அவர்கள் கூறுவதைக் கேட்டு, ஆளின் பெயர், ஊர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றோடு எழுதி வைத்தல் மாணவர் எவர்க்கும் கைகூடும். பழைய புகைப்படமும் பயணச்சீட்டும் தோட்டப் பற்றுச்சீட்டும் வைத்திருக்கும் பழைய மாணவர், அவற்றின் படிகளைக் கல்லூரி நூலகத்திற்கு அளித்தல் நன்று. தேசாதிபதியின் பெயரும் ஒப்பந்தகாரரின் பெயரும் ஏடுகளில் உள. தண்டவாளம் சுமந்தோர், காட்டுவழி நடந்தோர் பெயர்களை எழுதும் கடமை அவர்தம் வழிவந்த நம்முடையது. அடுத்த விழா மலர் அப்பெயர்களுள் நூறினையாவது தாங்கி வருமாயின், அதுவே இக்கல்லூரி மாத்தளைக்குச் செய்யும் பெருந்தொண்டாகும்.