படுத்த உடலும் உழைக்கும் உடலும்: முள்ளந்தண்டுப் படங்கள் பற்றிய ஒரு நோக்கு

இலக்கிய மாணவன் ஒருவன் மருத்துவப் படங்களைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பை அளிக்கலாம். ஆயினும், ஒரு படைப்பை அது தோன்றிய சூழலினின்று பிரித்து வாசிக்கலாமா என்ற வினா எமது துறையில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. முள்ளந்தண்டின் படமும் வாசிக்கப்படும் ஒன்றே. அது எந்நிலையில் எடுக்கப்பட்டது என்பதை மறந்து வாசிப்போமாயின், நாரிநோவினால் வருந்தும் உழைப்பாளிக்கு அநீதி இழைத்தவராவோம். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1

மன்னார்த் தீவின் கரையொன்றிற் கரைவலை இழுக்கும் தொழிலாளி ஒருவரை எண்ணிக்கொள்வோம். இடுப்பிற் கட்டிய கயிற்றை வலைக்கயிற்றோடு கொளுவி, உடலைப் பின்னே சாய்த்து, மணலிற் குதிகாலூன்றி அவர் அடியடியாகப் பின்வாங்குகிறார். மடி கரைசேரும் வரை இவ்வுழைப்பு நீடிக்கிறது. நாற்பது வயதைக் கடந்தபின் அவருக்கு நாரிநோ தொடங்குகிறது. பாயிற் சரிந்தால் அது தணிகிறது. மறுநாள் கயிற்றைப் பிடித்ததும் திரும்புகிறது.

பல மாதங்களின் பின்னர் அவருக்குக் காந்தப் பரிவுப் படம் (எம்.ஆர்.ஐ.) எடுக்கப்படுகிறது என்க. அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலின் கீழே தலையணையொன்றை வைத்து, அரைமணி நேரமளவில் அசையாதிருக்கச் சொல்கின்றனர். 'குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவுமில்லை' என அறிக்கை வருகிறது. அவரது நோவு பொய் என்றோ மனப்பிரமை என்றோ கொள்ளுதல் எளிது. ஆனால் ஓர் எளிய உண்மை கவனிக்கப்படாது போகிறது: எந்த நிலையில் அவருக்கு நோவு இல்லையோ, அந்த நிலையிலேயே படம் எடுக்கப்பட்டுள்ளது.

2

முள்ளந்தண்டு அசையாத தூண் அன்று. முள்ளென்புகளுக்கு இடையே நீர்ச்செறிவு மிக்க தட்டுகள் உள்ளன. சுமை ஏறும்போது அவை நீரை இழந்து சுருங்குகின்றன. இரவிற் படுத்திருக்கையில் மீண்டும் உறிஞ்சிக்கொள்கின்றன. காலையில் உள்ள உயரத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கை மாலையில் நாம் இழந்துவிடுவதற்கு இதுவே முதன்மைக் காரணம். நிற்கும்போது நாரிப்பகுதியின் இயல்பான வளைவு மிகுகிறது. மல்லாக்கப் படுத்து முழங்காலை உயர்த்தும்போது அவ்வளைவு தட்டையாகிறது.

நரம்புகள் செல்லும் கால்வாயின் அகலமும் மாறாத ஒன்றன்று. முன்குனிந்தால் அது விரிகிறது, பின்சாய்ந்தால் ஒடுங்குகிறது. கால்வாய் ஒடுங்கிய முதியவர் சிறிது தூரம் நடந்ததும் கால் விறைத்து நிற்பதும், எதன்மீதாவது முன்சாய்ந்து ஆறுதல் பெறுவதும் இதனாலேயே. அவ்வாறே, ஒரு முள்ளென்பு மற்றொன்றின் மேல் முன்நோக்கி நழுவியிருத்தல், முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைந்திருத்தல் ஆகியன நிற்கும்போது கூடுதலாகவும் படுக்கும்போது குறைவாகவும் தோன்றக்கூடும். படுத்த நிலைப் படத்தில் முற்றிலும் மறைந்து, நின்ற நிலை எக்ஸ்-கதிர்ப் படத்திலே வெளிப்படும் நழுவல்களும் உள.

இவ்வேறுபாட்டுக்கு அளவுகளும் உண்டு. சுவீடன் நாட்டு மருத்துவர் அல்ஃப் நாக்கெம்சன் 1960களில் தட்டுகளின் உள்ளே ஊசியைச் செலுத்தி அமுக்கத்தை அளந்தார். அவர் வெளியிட்ட ஒப்பீட்டின்படி, நிற்கும்போதுள்ள அமுக்கத்தை 100 எனக் கொண்டால் மல்லாக்கப் படுக்கும்போது அது ஏறத்தாழ 25. நின்றபடி முன்குனியும்போது 150. 1999இல் வில்க்கேயும் அவரது குழுவினரும் ஜெர்மனியில் ஒரு தன்னார்வலரிடம் செய்த அளவீட்டிலே, படுக்கையில் 0.1 மெகாபஸ்காலாக இருந்த அமுக்கம் நிற்கையில் 0.5 ஆகவும், முதுகை வளைத்து 20 கிலோகிராம் சுமையைத் தூக்குகையில் 2.3 ஆகவும் உயர்ந்தது. அமர்ந்திருக்கும் நிலைபற்றி இரு ஆய்வுகளும் முரண்பட்டன. படுத்த உடலுக்கும் குனிந்து தூக்கும் உடலுக்கும் இடையிலுள்ள பெரும் வேறுபாட்டைப் பொறுத்தவரை அவை ஒத்துச்சென்றன.

3

அவ்வாறாயின் படுத்தபடி படம் எடுப்பது ஏன்? இதன் விடை பொறியின் வரலாற்றில் உள்ளது. 1895இல் ரொண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்த பின்னர், நின்ற நிலையிலும் குனிந்த நிலையிலும் எலும்பைப் படமெடுத்தல் இயலுவதாயிற்று. முண்ணாண் கால்வாயினுள் மருந்தேற்றி எடுக்கப்பட்ட பழைய படங்களையும் நிற்கவைத்து எடுக்க முடிந்தது. பின்னர் வந்த காந்தப் பரிவுப் பொறி, எலும்போடு தட்டையும் நரம்பையும் நேரே காட்டியது. பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் வலிமைமிக்க காந்தம் நீண்ட உருளைவடிவிலே அமைந்தது. உடல் அதனுட் கிடத்தப்பட வேண்டியதாயிற்று. படத்தின் தெளிவு கூடியது. உடலின் நிலை ஒன்றேயாகச் சுருங்கியது.

இக்குறையைப் போக்க முயற்சிகள் நடந்துள்ளன. படுத்திருப்பவரின் தோளிலும் காலிலும் பட்டியைக் கட்டி, உடல்நிறையின் ஏறத்தாழ அரைப்பங்குச் சுமையை ஏற்றிப் படமெடுக்கும் முறையொன்று 1990களிற் சுவீடனில் உருவானது. நிற்கவும் அமரவும் இடமளிக்கும் திறந்த பொறிகளும் வந்தன. படுத்த நிலையிற் புலப்படாத ஒடுக்கம் சிலரிடத்து இவற்றிலே புலப்பட்டது. ஆயினும் திறந்த பொறிகளின் காந்தவலு பொதுவாகக் குறைவு; படத்தின் தெளிவும் அதற்கேற்பக் குறையும். நோவுள்ளவர் நெடுநேரம் அசையாது நிற்பதும் அரிது. எல்லாவற்றுக்கும் மேலாக, நின்ற நிலைப் படத்தைக் கொண்டு சிகிச்சை பெற்றவர்கள் பொதுவாக மேலான பயனடைந்தனர் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. எனவே, புதிய பொறியொன்றை வாங்கினால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பாரின் கூற்றையும் நாம் ஏற்பதற்கில்லை.

4

இதற்கு மறுபக்கமும் உண்டு. நோவுள்ளவரின் படத்தில் ஒன்றும் தெரியாதிருக்கலாம் என்பது போலவே, நோவில்லாதவரின் படத்தில் மாற்றங்கள் தெரியலாம். 1994இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், நாரிநோ இல்லாத 98 பேரைப் படமெடுத்தபோது, 52 சதவீதத்தினரிடம் ஒரு தட்டாவது புடைத்திருக்கக் காணப்பட்டது. பல ஆய்வுகளைத் தொகுத்த 2015ஆம் ஆண்டுக் கட்டுரையொன்று, நோவில்லாத இருபது வயதினரிலும் 37 சதவீதத்தினரிடம் தட்டுத் தேய்வு காணப்படுவதாகக் கணித்தது. 'எலும்பு தேய்ந்துவிட்டது' என்ற ஒரே வாக்கியத்தால் அஞ்சி, தொழிலையும் நடமாட்டத்தையும் கைவிடுவோர் உளர். அசைவின்மையே நோவை நீடிக்கச் செய்யும் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

ஆதலினாலேயே, சாதாரண நாரிநோவுக்கு உடனே படம் எடுத்தல் வேண்டியதில்லை என இன்றைய மருத்துவ வழிகாட்டல்கள் கூறுகின்றன. சிறுநீரையோ மலத்தையோ கட்டுப்படுத்த இயலாமை, காலில் மிகுந்துவரும் பலவீனம், காய்ச்சல், காரணமற்ற மெலிவு, முன்னர் வந்த புற்றுநோய், பலத்த அடி ஆகியன இருப்பின் தாமதமின்றிச் சோதிக்க வேண்டும். இவை அல்லாதவிடத்து, உடலைச் சோதித்தலும் நோயாளியின் கூற்றைக் கேட்டலுமே முதன்மையானவை.

5

இங்கேதான் வர்க்கம் பற்றிய வினா எழுகிறது. யாருடைய கூற்றுக்கு மதிப்பு உண்டு? 2020இல் உலகில் ஏறத்தாழ 61.9 கோடி மக்கள் நாரிநோவுடன் வாழ்ந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களுட் பெருந்தொகையினர் உடலுழைப்பையே நம்பியிருப்பவர்கள். இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1700இல் வெளியிட்ட தொழிலாளர் நோய்கள் பற்றிய நூலிலே, நோயாளியிடம் வழமையாகக் கேட்கப்படும் வினாக்களோடு 'நீர் செய்யும் தொழில் யாது?' என்பதையும் சேர்க்குமாறு வேண்டினார். 1845இல் ஏங்கல்ஸ், இங்கிலாந்துத் தொழிலாளரின் நிலையை ஆராய்கையில், ஆலைகளில் நெடுநேரம் நின்றுழைத்த சிறுவரின் முதுகெலும்பு கோணிப்போனமை பற்றிய மருத்துவச் சாட்சியங்களைத் தொகுத்துக் காட்டினார். முள்ளந்தண்டிலே உற்பத்திமுறையின் அடையாளத்தைக் கண்டவர்கள் இவர்கள்.

மன்னாரின் வரலாறும் இதற்குப் புறம்பானதன்று. 1903 முதல் 1906 வரை மன்னார்க் குடாவின் முத்துச்சிப்பிகளைப் பற்றி ஹேர்ட்மன் ஐந்து பகுதிகளைக் கொண்ட அறிக்கையை வெளியிட்டார். சிப்பியின் உடலும் அதிற் குடிகொண்ட ஒட்டுண்ணிகளும் நுணுக்கமாக ஆராயப்பட்டன. அவ்வறிக்கையின் பொருள் சிப்பியே; கல்லைக் காலிற் பற்றிக் கடலின் அடி சென்ற குளிகாரரின் உடலும், கயிற்றை இழுத்து அவர்களை மேலேற்றியோரின் முதுகும் அதன் பொருளாகவில்லை. வருவாய் தரும் உடல் அறிவியலின் கண்ணிற்பட்டது. உழைக்கும் உடல் படவில்லை.

இன்றைய நிலைமை அத்தகையதன்று எனினும், இடைவெளி நீங்கிவிடவில்லை. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் தொழில்கொள்வோனுக்கும் வேலையாளுக்கும் இடையிலான ஒப்பந்தத்தை அடிப்படையாகக் கொண்டது. மீன்பாட்டிற் பங்கு பெற்றுச் சம்மாட்டியாரின் வலையை இழுப்பவர் அதன் எல்லைக்குள் எளிதில் அடங்குவதில்லை. உப்பளத்திற் குனிந்து உப்பு வாருபவரும், கரையிற் குனிந்து கருவாடு பரப்பும் பெண்ணும் தமது நோவுக்குச் சான்று கேட்கப்படுகையில் ஒரு படத்தையே நீட்டவேண்டியிருக்கிறது. அப்படமோ அவர்கள் ஓய்ந்திருந்த வேளையின் படம்.

6

மேற்கூறியவற்றால், படம் பயனற்றது என்பது பெறப்படாது. எப்படைப்பும் உலகை அப்படியே காட்டும் கண்ணாடியன்று. குறிப்பிட்டதோர் இடத்தில் நின்று காட்டுவது. முள்ளந்தண்டுப் படமும் அத்தகையதே. ஆகவே படத்தின் அறிக்கையில் அது எந்நிலையில் எடுக்கப்பட்டது என்பதும், நோவு எந்நிலையில் வருகிறது என்பதும் அருகருகே எழுதப்படல் வேண்டும். இரண்டும் வேறுபடின், 'மாற்றம் எதுவுமில்லை' என்பதை 'படுத்த நிலையில் மாற்றம் எதுவும் தெரியவில்லை' எனத் திருத்தி வாசிக்க வேண்டும். நழுவலோ ஒடுக்கமோ ஐயுறப்படும்போது, நின்ற நிலையிலும் குனிந்து நிமிர்ந்த நிலையிலும் எடுக்கப்படும் எக்ஸ்-கதிர்ப் படம் கைக்கெட்டிய எளிய துணையாகும்.

அதற்கும் முன்னதாகச் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அதற்குப் பொறி வேண்டியதில்லை. வலைக்கயிற்றை எவ்வாறு பிடிக்கிறீர், எவ்வளவு நேரம் இழுக்கிறீர், எப்போது நோகிறது என்று கேட்டல் வேண்டும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ரமாசினி கேட்கச் சொன்ன வினா, மன்னார்க் கரையில் இன்றும் கேட்கப்பட வேண்டியதாகவே உள்ளது.