விரிசலா, வெயிலா?

வில்லியனூர்ப் பக்கம் மண்சட்டி வாங்கப் போனால் அம்மா விலை கேட்கமாட்டார். முதலில் விரல் முட்டியால் தட்டுவார். 'டங்' என்றால் எடுத்துக்கொள்வார், 'டொக்' என்றால் திருப்பி வைப்பார். நான் பாலிடெக்னிக்கில் சொல்லிக்கொடுக்கும் பீசோ வில்லையும் அப்படித் தட்டிப் பார்க்கிற ஆள்தான்.

கேஸ் லைட்டரில் பொறி பறப்பது பீசோவால்தான். அழுத்தினால் மின்சாரம் வரும். 1880இல் கியூரி சகோதரர்கள் ழாக்கும் பியரும் கண்டது. மின்சாரம் கொடுத்தால் அதே பொருள் நடுங்கும். ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் சேர்ந்த அந்தப் பீங்கான் வில்லையை இரும்பில் ஒட்டி, நொடிக்குப் பல்லாயிரம் முறை நடுங்கவிட்டால் இரும்பும் சேர்ந்து நடுங்கும். வில்லை காட்டும் அளவை வரைபடமாக்கினால், இரண்டும் ஒத்துப்போகும் அதிர்வெண்களில் முகடுகள் எழும். விரிசல் விட்டால் இரும்பு தளர்ந்து முகடு இடப்பக்கம், அதாவது குறைந்த அதிர்வெண் பக்கம், நகரும்.

பாகூரில் எங்கள் மாட்டுக்கொட்டகையின் இரும்பு ஆங்கிளில் ஒரு வில்லையை ஒட்டினேன். சித்திரை மாதம். விடியற்காலையில் ஒரு வரைபடம், பகல் ஒன்றரைக்கு இன்னொன்று. முகடுகள் எல்லாமே இடப்பக்கம் போயிருந்தன! ஆங்கிளைத் தடவித் தடவிப் பார்த்தேன், கீறல்கூட இல்லை. வெயில் செய்த வேலை.

சூடேறினால் இரும்பின் விறைப்பு கொஞ்சம் குறைகிறது. வில்லை தேக்கிவைக்கும் மின்னூட்டம் கூடுகிறது. ஒட்டிய எப்பாக்சி இளகுகிறது. மூன்றில் பசையைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன். அதைத் தடிமனாகப் பூசினால் தொல்லை இரட்டிப்பு. ஆனால் வில்லை நம் வெயிலுக்குச் செத்துவிடாது. அதைவிடப் பல மடங்கு சூட்டில்தான் அதன் குணம் போகும். சால்டரிங் அயனை அதிக நேரம் வைத்து அப்படிக் கொன்ற வில்லைகள் என் மேசை டிராயரில் நிறைய.

பிரித்தறிய வழி இருக்கிறது. வெயில் முகடுகளைக் கூட்டமாக நகர்த்தும். விரிசல் சிலவற்றின் வடிவத்தையே கெடுக்கும். அதனால் வரைபடத்தை மொத்தமாகத் தள்ளிப் பழையதன் மேல் பொருத்தி, பொருந்தாமல் நிற்பதை மட்டும் பார்ப்பார்கள். தில்லி ஐஐடியில் சுரேஷ் பல்லா இந்த வில்லைகளோடு நெடுங்காலம் உழைத்தவர்.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் அடித்து, சங்கராபரணி ஆற்று வெள்ளம் வடிந்த பிறகு, டீக்கடையில் நான் சொன்ன இந்த வில்லைக் கதைக்கு ஒரு பெரியவர் கேட்டார்:

"சார், அத ஒட்டிட்டா, விரிசல் விட்டத பாலம் தானாச் சொல்லிடுமா?"

"ஒரு வில்லைக்கு இரும்புலயே ரெண்டு மீட்டர் வரைக்கும்தான்யா காது கேட்கும், கான்கிரீட்டுல அதுவும் கெடையாது. நெறைய ஒட்டணும். பாலம் நல்லா இருக்கும்போதே ஒரு வருஷம் வெயிலு, மழ, பனி எல்லாத்துலயும் அதோட சத்தத்தக் கேட்டு வச்சிக்கணும்."

"அப்ப வெள்ளம் வர்றதுக்கு முன்னாடியே ஒட்டியிருக்கணும்னு சொல்லுங்க" என்று கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார்.