படம் எடுக்கக் கூடாத கடற்கரை

கோஸ்டா ரிக்கா போகத் திட்டமிடுகிறவர்கள் டோர்ட்டுகேரோவின் பெயரைக் கேட்டதும் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். ஆமையைப் பார்க்க முடியுமா? படம் எடுக்கலாமா? சரியான மாதத்தில் போனால் அநேகமாகப் பார்த்துவிடலாம். படம் எடுக்கக் கூடாது. ஃபிளாஷ் போடாமலா என்றால், அப்போதும் கூடாது. கைபேசியை அறையிலேயே வைத்துவிட்டுத்தான் இரவில் கடற்கரைக்கு வர வேண்டும். இத்தனை ஆயிரம் மைல் பறந்து வந்தவருக்கு இதைக் கேட்டால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்த ஊர்க் கட்டுப்பாடுகளை யாரும் உட்கார்ந்து யோசித்து இட்டுக்கட்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் ஆமையின் உடம்பிலேயே இருக்கிறது. டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன்.

முதலில் ஊரைப் பற்றி. கோஸ்டா ரிக்காவின் கரீபியக் கரையில், வடகிழக்கு மூலையில் இருக்கிறது டோர்ட்டுகேரோ. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவே சில நூறு மீட்டர் அகலத்தில் ஒரு மணல் திட்டு. அதன்மேல்தான் கிராமம். சாலை கிடையாது, கார் கிடையாது. லா பவோனா படகுத்துறை வரை பேருந்தில் வந்து, அங்கிருந்து ஆறும் கால்வாயுமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் படகில் போக வேண்டும். தலைநகர் சான் ஹோசேயிலிருந்து சின்ன விமானமும் உண்டு. ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது சென்னையில் பெய்வதைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம். குடையை நம்பாமல் மழைக்கோட்டை நம்புங்கள். கடலில் குளிக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். நீரோட்டம் பலமாக இழுக்கும், சுறாவும் உண்டு. சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். கரீபியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய ஆப்பிரிக்க வம்சாவளியினரின் சமையல் அது. தேங்காய்ப்பாலில் பீன்ஸ் பயறும் அரிசியும் சேர்த்து வேகவைத்த சோறு நம் நாக்குக்கு அன்னியமாகப் படாது.

இந்த ஊரை ஒட்டி 35 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் கடற்கரைதான் அட்லாண்டிக் பகுதியிலேயே பேராமைகள் மிக அதிகமாக முட்டையிடும் இடம். மன்னார் வளைகுடா மீனவர்கள் பேராமை என்று சொல்லும் அதே இனம்தான். சென்னைக் கரைக்கு வரும் பங்குனி ஆமையைவிடப் பெரியது. ஓடு மட்டும் ஏறக்குறைய ஒரு மீட்டர், எடை நூறு கிலோவைத் தாண்டும். ஜூலை முதல் அக்டோபர் வரை அவற்றின் காலம். மார்ச் வாக்கில் போனால் ஏழுவரி ஆமைகள் வரும், ஆனால் அவை குறைவு. பார்த்தே ஆக வேண்டும் என்று போகிறவர்களுக்கு ஆகஸ்ட், செப்டம்பர்தான் தோது.

இனி அந்த இரவுக்கு வருவோம். பேராமை இருட்டிய பிறகுதான் கரையேறும். கடலில் எடையே தெரியாமல் நீந்திய உடம்பு மணலில் பெரும் பாரமாகிவிடும். நான்கு இழுப்பு இழுத்து நின்று மூச்சு வாங்கி, மறுபடி இழுத்து மேலேறும். அந்த நேரத்தில் அதற்கு எல்லாமே சந்தேகம். எதிரே ஓர் ஆள் அசைந்தாலோ ஒரு வெளிச்சம் மின்னினாலோ போதும், அப்படியே திரும்பிக் கடலுக்குள் போய்விடும். முட்டையிடாமலே வளைந்து திரும்பிய தடங்களைக் காலையில் மணலில் பார்க்கலாம். போன ஆமை அன்றிரவோ மறுநாளோ மறுபடி வரும். ஆனால் அதற்குள் அது வீணாக்கிய சக்தியை யாரும் திருப்பித் தரப் போவதில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் வழிகாட்டி இல்லாமல் கடற்கரையில் கால் வைக்கக் கூடாது என்ற விதி இதனால்தான். உடை அடர்நிறமாக இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

இடம் பிடித்துப்போனால் முன்துடுப்புகளால் மணலை வாரி இறைத்து, உடம்பு அமரும் அளவுக்கு ஒரு பள்ளம் பறிக்கும். பிறகு பின்துடுப்புகளின் வேலை. ஒரு துடுப்பை அகப்பை மாதிரி வளைத்து, கொஞ்சம் மணலை அள்ளி மேலே கொண்டுவந்து, ஓசையில்லாமல் ஓரமாக வைக்கும். அடுத்து மற்றதன் முறை. தான் தோண்டும் குழியை அது பார்க்கவே முடியாது. தொட்டுணர்ந்தே அடியில் அகன்று வாயில் குறுகிய குழியைச் செதுக்கிவிடும். அதற்குள் பெரும்பாலும் நூறு முட்டைகள் போல விழும்.

முட்டை விழத் தொடங்கிய பிறகு ஆமை கிட்டத்தட்ட வேறு உலகத்துக்குப் போய்விடுகிறது. இத்தனை நேரம் நிழலுக்குப் பயந்த பிராணி இப்போது பின்னால் ஆட்கள் நின்றாலும் பொருட்படுத்தாது. பார்வையாளர்களை அழைத்து வருவது இந்தச் சில நிமிடங்களில்தான். ஊர்க்காரர்கள் சிலரைக் கரையில் நிறுத்தியிருக்கிறார்கள், ஆமையைத் தேடுவதுதான் அவர்கள் வேலை. முட்டையிடப் போகும் ஆமையைக் கண்டதும் வானொலிக் கருவியில் தகவல் சொல்வார்கள். அதுவரை பார்வையாளர்கள் கரைக்குப் பின்னாலுள்ள மரங்களுக்கிடையே, கொசுக்கடியோடு காத்திருப்பார்கள். அழைப்பு வந்ததும் சின்னக் குழுவாகப் போய், ஆமையின் பின்புறமாக நின்று பார்க்க வேண்டும். வழிகாட்டியிடம் மட்டும் ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். ஆமையின் கண்ணுக்குச் சிவப்பு அவ்வளவாக உறைக்காது. ஃபிளாஷ் அப்படியல்ல. பத்துப் பேரில் ஒருவர் ஃபிளாஷை அணைக்க மறந்தாலும் ஆமைக்குச் சங்கடம். யார் மறப்பார் என்று வாசலில் நின்று சோதிக்க முடியாது. ஆகவே எல்லாருக்கும் கேமரா தடை. எனக்கு இது முழுக்க நியாயமாகவே படுகிறது. கைபேசித் திரை இல்லாமல் இருட்டில் நின்று ஒரு காட்சியைப் பார்த்தே எத்தனை நாளாயிற்று, சொல்லுங்கள்.

ஆமையின் கண்ணில் நீர் வழிவதைக் கண்டு பிரசவ வலி என்று உருகுகிறவர்கள் உண்டு. வலி அல்ல. கடல்நீரோடு உள்ளே போன உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பிகள் வெளியேற்றுகின்றன, கடலில் இருக்கும்போதும் அது நடக்கிறது. குழியை மூடி, மேலே மணலை நெடுநேரம் வாரி இறைத்து இடம் தெரியாமல் கலைத்துவிட்டுத்தான் ஆமை கிளம்பும். கரையேறியதிலிருந்து எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரம்போல ஆகும். இரண்டு வாரம் போல இடைவெளி விட்டு அதே பருவத்தில் மறுபடியும் வரும். பருவம் முடிந்து போனால் திரும்ப இரண்டு, மூன்று ஆண்டுகளாவது ஆகும்.

குஞ்சு வெளிவர ஏறக்குறைய இரண்டு மாதம். அங்கேயும் வெளிச்சம்தான் சிக்கல். இரவில் மணலைப் பிளந்து வரும் குஞ்சுக்குக் கடல் எங்கே என்று சொல்லித்தர யாரும் இல்லை. எந்தப் பக்கம் பிரகாசமோ அந்தப் பக்கம் ஓடும். ஒருபுறம் காடு, மறுபுறம் வானொளியில் மினுங்கும் நீர் என்றிருந்த காலத்தில் அந்தக் கணக்கு தப்பவில்லை. தெருவிளக்கு வந்தபோது தப்பியது. சென்னையில் தன்னார்வலர்கள் விடிய விடிய நடந்து பங்குனி ஆமை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பதற்கு விளக்கும் நாயும்தான் பெரிய காரணம். டோர்ட்டுகேரோவில் பின்புறம் காடு இருப்பதால் பெரும்பாலான முட்டைகளை இட்ட இடத்திலேயே விட்டுவிட முடிகிறது. அதுவே நல்லது. மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண்.

இந்த ஊர் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஒரு காலத்தில் இங்கே ஆமை பிடித்தார்கள். கரையேறிய ஆமையை மல்லாத்திப் போட்டுவிட்டால் அதனால் புரண்டு எழ முடியாது. லண்டன் விருந்துகளில் ஆமை சூப் கௌரவமாக இருந்த காலத்தில் கரீபிய ஆமைகளை உயிரோடு கப்பலேற்றினார்கள். பின்னால் சூப்புக்குக் கெட்டித்தன்மை தரும் அடிவயிற்றுக் குருத்தெலும்பை மட்டும் அறுத்தெடுத்துவிட்டு மீதியைக் கரையில் போட்டுப் போனதும் நடந்தது. 1950களில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் விலங்கியலாளர் ஆர்ச்சி கார் இங்கே வந்தார். ஆமைகளின் துடுப்பில் உலோகத் தகடு மாட்டி, அதைத் திருப்பி அனுப்புகிறவருக்குச் சன்மானம் என்று அறிவித்தார். வந்து சேர்ந்த தகடுகளில் பெரும்பகுதி நிக்கராகுவாவின் மிஸ்கிட்டோ கரையிலிருந்து வந்தது. டோர்ட்டுகேரோவில் முட்டையிடும் ஆமைகள் அங்கேதான் கடற்புல் மேய்கின்றன என்று அப்படித்தான் உறுதியானது. 1956இல் அவர் எழுதிய 'தி விண்ட்வர்ட் ரோடு' என்ற நூலைப் படித்து நெகிழ்ந்தவர்கள் சேர்ந்து தொடங்கியதுதான் இன்றைய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு. 1975இல் அந்தப் பகுதி சட்டப்படி தேசியப் பூங்காவானது. 1999இல் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று அனுமதியோடு நடந்துவந்த ஆமை வேட்டையையும் நிறுத்தியது. ஆமை பிடித்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் இன்று வழிகாட்டிகள். அன்பு மட்டுமே இதைச் செய்துவிடவில்லை. செத்த ஆமை ஒருமுறைதான் காசு தரும், உயிரோடிருக்கும் ஆமை ஒவ்வொரு பருவமும் தரும் என்ற கணக்கு ஊருக்குப் புரிந்ததும் சேர்ந்துதான் செய்தது. அதில் எனக்குத் தவறு தெரியவில்லை.

பல பத்தாண்டுகள் கூடிக்கொண்டே வந்த கூடுகள் அண்மைக் காலத்தில் மறுபடி குறையத் தொடங்கியிருக்கின்றன. உலக அளவில் பேராமை மீண்டு வருகிறது என்று 2025இல் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் அறிவித்ததோடு இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லைக்கு அப்பால், நிக்கராகுவாக் கரையில் வாழும் மிஸ்கிட்டோ மக்களுக்கு ஆமை காலங்காலமாக உணவு. கோஸ்டா ரிக்காவின் காவல் கரையோடு நின்றுவிடும். ஆமைக்கு எல்லை தெரியாது. இதற்கு எளிய தீர்வு இருப்பதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நீங்கள் போவதென்றால் உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டியை ஊருக்குப் போன பிறகே பிடித்துக்கொள்ளுங்கள், காசு ஊரிலேயே தங்கும். ஒரே இரவு தங்கிவிட்டு ஆமை வரவில்லை என்று குறைப்படாதீர்கள், இரண்டு இரவாவது ஒதுக்குங்கள். இவ்வளவு தூரம் போக வசதியில்லாமல் தென்னிலங்கைக் கரையிலோ வேறெங்கோ ஆமை பார்க்கப் போனால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். மணலிலிருந்து வந்த குஞ்சுக்கு முதல் ஒரு நாள் ஓயாமல் நீந்தி ஆழ்கடல் சேரும் வேகம் இருக்கும். உடம்பில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருதான் அதற்குக் கட்டுச்சோறு. தொட்டியில் அடைத்து வைத்தால் அந்த வேகம் தொட்டியிலேயே தீர்ந்துபோகும். குஞ்சுகளைத் தொட்டியில் வைத்துக்கொண்டு, கட்டணம் வாங்கிக் கையில் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லும் இடம் எதுவானாலும் அங்கே டிக்கெட் வாங்காதீர்கள்.