வயிற்று வலியும் வயிற்று நரம்பும்

"வயிறு வலிக்குது" என்று ஒருவர் சொன்னால் லயத்தில் முதல் கேள்வி, "என்னத்த சாப்பிட்ட?" என்பதுதான். அடுத்து விளக்கெண்ணெய் வந்துவிடும். ஆனால் எல்லா வயிற்று வலிக்கும் சாப்பாடு காரணம் இல்லை. வலிக்கிற இடத்தில்தான் வருத்தம் இருக்கும் என்றும் இல்லை. ஏன் அப்படி என்று தெரிய வேண்டுமானால், வயிற்றுக்குப் போகும் நரம்புகளைப் பற்றிக் கொஞ்சம் அறிய வேண்டும்.

தமிழில் இது புதுப் பாடம் அல்ல. 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். உடம்பின் அமைப்பைச் சொல்லும் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற நூல் 1872இல் அவர் முயற்சியால் தமிழில் வந்தது. அன்றைக்கே யாழ்ப்பாணப் பிள்ளைகள் தமிழில் படித்த விஷயம் இன்றைக்கு நமக்கும் விளங்கும்.

நரம்பு எங்கிருந்து வருது?

வயிற்று உறுப்புகளுக்குப் போகும் நரம்புகளில் ஒரு வகைக்குப் பரிவு நரம்பு என்று பெயர். இது முதுகெலும்புக்குள் இருக்கும் முண்ணாணில் இருந்து புறப்படுது. நெஞ்சுக்குப் பின்னால் முண்ணாணில் 12 மட்டங்கள் உண்டு. அதில் 5 முதல் 9 வரையுள்ள இழைகள் சேர்ந்து ஒரு பெரிய நரம்பாகும். 10, 11 சேர்ந்து ஒரு சின்ன நரம்பு. 12இல் இருந்து வருவது மிகச் சின்னது. இரண்டு பக்கமும் இப்படித்தான். இவை நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையைக் கடந்து கீழே இறங்கி, பெருநாடிக்கு முன்னால் உள்ள நரம்பு முடிச்சுகளில் சேரும். மெயின் பைப்பில் இருந்து லயத்துக்கு லயம் பைப்பு பிரியிற மாதிரி, அங்கிருந்து புதிய இழைகள் இரத்தக் குழாய்களைச் சுற்றிக்கொண்டு இரைப்பை, ஈரல், குடல், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் போகும்.

பயம், கோபம், அவசரம் வந்தால் இந்த நரம்பு வேலையைக் காட்டும். குடலின் அசைவைக் குறைக்கும். குடலுக்குப் போகும் இரத்தத்தையும் குறைக்கும். பயந்த நேரம் சோறு இறங்காதது இதனாலும்தான்.

வலி ஏன் இடம் மாறுது?

உள் உறுப்புகளின் வலிச் செய்தி பெரும்பாலும் இதே வழியாகத்தான் முண்ணாணுக்குப் போகுது. விரலில் முள் குத்தினால் இடத்தைச் சரியாகக் காட்டலாம். குடலில் அப்படி முடியாது. அப்பென்டிக்ஸ் இருப்பது வலது அடிவயிற்றில். ஆனால் அதன் செய்தி 10ஆம் மட்டத்துக்குப் போகும். தொப்புளைச் சுற்றிய தோலின் செய்தியும் அங்கேதான் போகும். அதனால் மூளை ஏமாந்து, தொப்புளில் வலி என்று எண்ணுது. சில மணித்தியாலம் கழித்து அழற்சி வயிற்றின் உள்சுவரைத் தொட்டதும், வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கும். "வலி இடம் மாறிருச்சு, சரியாயிரும்" என்று இருக்கக்கூடாது. வருத்தம் கூடியதற்கு அதுவே அடையாளம்.

இதே மாதிரி, பித்தப்பை வலி வலது தோள்பட்டைப் பக்கம் தெரியலாம். மாரடைப்பு மேல்வயிற்று வலியாக வந்து, "கேஸ்தான்" என்று நம்மை ஏமாற்றலாம்.

என்ன செய்யணும்?

வலி விடாமல் கூடினால், காய்ச்சல், வாந்தி, வியர்வை வந்தால், வயிறு கல்லுமாதிரி இறுகினால் வீட்டில் வைத்திருக்காதீங்க. விளக்கெண்ணெயோ பேதி மருந்தோ குடுக்காதீங்க. அழற்சி கண்ட அப்பென்டிக்ஸ் வெடிக்க அது காரணமாகலாம். சாப்பாடும் குடுக்க வேண்டாம். ஒரு நாள் பேர் போகுதேன்னு பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. 1990க்கு போன் எடுத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

டொக்டரிடம் மூன்று விஷயம் சொல்லுங்க: வலி எப்ப தொடங்கியது, முதலில் எங்க வலித்தது, இப்ப எங்க வலிக்குது. நரம்பு போகும் வழி தெரிந்த டொக்டருக்கு, வருத்தம் எங்கே என்று கண்டுபிடிக்க இந்த மூன்றும் பெரிய உதவி.