நெடுநேரம் எரியும் மெழுகுதிரி

மெழுகுதிரியில் எரிவது திரியன்று. மெழுகென்று கூறினும் அஃது முழுதும் பொருந்தாது. கட்டியாகவோ உருகிய நிலையிலோ உள்ள மெழுகு எளிதில் தீப்பற்றுவதில்லை. சுடரின் வெப்பத்தால் உருகிய மெழுகு, திரியின் இழைகளிடையே மயிர்த்துளைக் கவர்ச்சியினால் மேலேறி, நுனியில் ஆவியாகின்றது. அவ்வாவியே காற்றிலுள்ள ஒட்சிசனோடு கூடி எரிவது. மைக்கேல் பரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி 1848 ஆம் ஆண்டிலும், மீண்டும் 1860-61 ஆம் ஆண்டு நத்தார்க் காலத்திலும் இலண்டனிலே இளையோர்க்கென நிகழ்த்திய விரிவுரைகளுக்கு இதனையே பொருளாகக் கொண்டார். திரியை அணைத்தவுடன் எழும் வெண்புகைக்குத் தீக்குச்சியொன்றைக் காட்டின், சுடர் திரியைத் தீண்டாமலே தாவிப் பற்றும். ஆய்வுகூட வசதியற்ற பாடசாலையிலும் செய்து காட்டத்தக்க சோதனை இது.

இதனை உணர்ந்தார்க்கு, மெழுகுதிரி நீடித்து எரிதற்குரிய வழி தானே புலனாகும். திரி பருமனாயின் மெழுகு மிகுதியாக மேலேறும். சுடர் பெருத்துப் புகையும். மெழுகு விரைவில் தீரும். திரி மெல்லியதாயின் சுடர் சிறுக்கும், காலம் நீளும். ஆகவே நெடுநேரம் எரியும் திரி என்பது சிறு சுடரும் பெரு மெழுகும் உடையதேயன்றி வேறு மந்திரம் எதுவும் உடையதன்று. கடைகளிலே மலிவாகக் கிடைக்கும் திரிகள் இரண்டு மூன்று மணி நேரத்தில் உருகி வழிந்தொழிவதற்குக் காரணம், அவற்றின் உடல் ஒடுங்கியிருத்தலும் மெழுகு இளகியதாயிருத்தலுமே.

முற்காலத் திரிகளுக்கு மற்றுமொரு குறையிருந்தது. கருகிய நுனி நிமிர்ந்தே நின்றமையால் அதனை அடிக்கடி கத்தரிக்க வேண்டியிருந்தது. 1825 ஆம் ஆண்டு கம்பசெரே என்னும் பிரெஞ்சுக்காரர் பின்னிய பருத்தித் திரியைப் புகுத்தினார். பின்னிய திரி எரியும்போது ஒரு பக்கமாக வளையும். வளைந்த நுனி சுடரின் வெப்பமிகு விளிம்பை அடைந்து தானே சாம்பராகும். அதே ஆண்டில் செவ்ரேல், கேலுசாக்கு என்னும் அறிஞரிருவர் கொழுப்பிலிருந்து பெற்ற அமிலங்களாற் திரி செய்யும் முறைக்கு உரிமை பெற்றனர். அவற்றுள் ஒன்றாகிய தியரிக்கமிலம் ஏறத்தாழ 69 பாகை செல்சியசில் உருகுவது. பரபின் மெழுகோடு பத்திலொரு பங்கு சேர்ப்பின் மெழுகு இறுகி, வெப்ப நாட்டிலும் வளையாது நிற்கும்.

இல்லத்திற் செய்ய விழைவோர் முதலிற் திரியை ஆயத்தஞ் செய்தல் வேண்டும். ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பும் இரு மேசைக்கரண்டி வெண்காரமும் கரைத்து, பின்னிய பருத்தி நூலை அதில் ஓரிரவு ஊறவிட்டு, நன்றாக உலர்த்துக. மெழுகை நேரே அடுப்பில் வைத்தல் ஆகாது. மிகைச் சூடேறின் அதன் ஆவி தீப்பற்றும். கொதிநீருள்ள பாத்திரத்தினுள் மெழுகுப் பாத்திரத்தை வைத்து உருக்கின் வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. தடித்த கண்ணாடிப் போத்தலை முன்னரே சற்றுச் சூடாக்கி, திரியை நடுவில் நேராக நிறுத்தி, மெழுகை வார்க்க வேண்டும். ஆறும்போது நடுவிற் குழி விழும். அதனை மீண்டும் நிரப்புக. 400 கிராம் மெழுகு, மணிக்கு 6 கிராம் வீதம் எரியின், 66 மணி நேரம் நிற்கும். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் ஏற்றினும் பதினாறு நாட்களுக்குப் போதும். முதன்முறை ஏற்றும்போது மேற்பரப்பு முழுதும் உருகும்வரை அணைக்காதிருத்தல் நன்று. அன்றேல் திரியைச் சுற்றிக் கிணறு போலக் குடைந்து, ஓரத்து மெழுகு வீணாகும்.

குறைந்த எரிபொருளில் நீண்ட ஒளி என்னும் இப்பாடத்தை யாழ்ப்பாணத்தார் நூலிற் கற்றவரல்லர். 1990 ஆம் ஆண்டின் பின் மின்சாரம் அற்று, மண்ணெண்ணெயும் அரும்பொருளான ஆண்டுகளிலே, ஜாம் போத்தலிற் சிறிதளவு எண்ணெய்விட்டு மெல்லிய திரியில் ஏற்றிய விளக்கே வீடுதோறும் எரிந்தது. பரீட்சைக்குப் படித்தோர் பலர் அச்சிறு சுடரின் முன்னிருந்தே படித்தனர். 2022 பங்குனி இறுதியில் நாடு முழுதும் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம்வரை நீண்டபோது, மூத்தோர் பலர்க்கு அது புதுமையாகத் தோன்றாததில் வியப்பில்லை.

ஒளியின்றி வெப்பமும் வேண்டுவோர் குளிர்நாட்டார். ஒரு கிராம் மெழுகு எரியின் ஏறத்தாழ 42 கிலோயூல் வெப்பம் பிறக்கும். மணிக்கு 6 கிராம் எரியும் ஒரு திரி 70 உவாற்று ஆற்றல் தரும். செடிகளைக் காக்கும் சிறு பச்சைவீட்டின் கண்ணாடிப் பரப்பு 20 சதுர மீற்றர் என்க. ஒரு சதுர மீற்றருக்கு ஒவ்வொரு பாகை வேறுபாட்டிற்கும் 6 உவாற்று வீதம் வெப்பம் வெளியேறும். வெளியினும் ஐந்து பாகை மிகுதியாக வைத்திருக்க 600 உவாற்று, அஃதாவது ஒன்பது திரிகள், பத்து மணி நேர இரவிற்கு அரைக்கிலோவிற்குச் சற்று மிகுந்த மெழுகு வேண்டும். சுடர்மேல் மட்பூச்சாடியைக் கவிழ்த்தால் வெப்பம் பெருகும் என்பாருளர், அது வெறுங்கதை. சாடி வெப்பத்தைச் சிறிது நேரம் தாங்கிப் பரப்புமேயன்றிப் புதிதாகப் படைக்காது. மேலும், எரியும் மெழுகினும் நிறையில் மிகுந்த நீராவி வெளிப்பட்டுக் கண்ணாடியிற் படிவதால் இலைகளிற் பூஞ்சணம் பற்றவுங் கூடும். எனவே இம்முறை ஓரிரு உறைபனி இரவுகளைக் கடத்தற்கே ஏற்றது. பிரான்சின் சாப்ளிப் பகுதித் திராட்சைத் தோட்டங்களில் 2021 சித்திரையில் உறைபனி தாக்கியபோது, இளந்தளிர்களைக் காக்க மெழுகு நிரப்பிய வாளிகளை வரிசை வரிசையாக ஏற்றினர். ஒரு ஹெக்டேயருக்கு நூற்றுக்கணக்கில் அவை வேண்டப்படுவதால், செலவைத் தாங்கவல்லார் சிலரே.

2022 ஆம் ஆண்டு முதல் உக்ரேன் மக்கள் வெற்றுத் தகரப்பேணிகளில் நெளிந்த காட்போட்மட்டையைச் சுருட்டி வைத்து, எஞ்சிய திரித்துண்டுகளை உருக்கி வார்த்துப் போர்முனைக்கு அனுப்பி வருகின்றனர். இதற்கு மூத்த மரபுண்டு: முதலாம் உலகப் போரில் இத்தாலியர் செய்தித்தாட் சுருளை மெழுகில் தோய்த்து, பதுங்குகுழிகளில் உணவைச் சூடாக்கினர். இவ்வகையில் மட்டை முழுதுமே திரியாதலின் சுடர் பெரிது. சில மணி நேரத்தில் மெழுகு தீரும். நீர் கொதிக்கவைக்கவும் கைகாயவும் உதவும். ஆயின் அடைத்த அறையில் இதனை ஏற்றுதல் உயிருக்கே ஊறு. காற்றோட்டம் குன்றின் நிறமும் மணமுமற்ற காபனோரொட்சைட்டு பிறக்கும். உறங்குவோர் அறியாமலே மாள்வர். அணைப்பதற்கு நீர் ஊற்றலும் ஆகாது. கொதிமெழுகிற் பட்ட நீர் கணத்தில் ஆவியாகி, எரியும் மெழுகை நாற்புறமும் தெறிக்கச் செய்யும். பேணியின் வாயைத் தகரமூடியொன்றால் மூடிவிட்டால், ஒட்சிசனின்றிச் சுடர் தானே அவியும்.