படத்தில் இருப்பவர் யார்?

முன்பின் தெரியாத மக்கள் கூடிக் கண்டுபிடித்த பெயர்கள்

வீட்டுப் பரண் மேல் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் பழைய போட்டோக்கள்.

ஒரு படத்தில், கல்யாணக் கோலத்தில் ஒரு பெண் நிற்கிறாள். அவள் யார்? அத்தையா, பெரியம்மாவா? யாருக்கும் தெரியவில்லை.

"பாட்டியைக் கேட்டால் தெரியும்" என்கிறார்கள். ஆனால் பாட்டி இப்போது இல்லை!

படம் இருக்கிறது, பெயர் இல்லை. இந்தக் கஷ்டம் நம் வீடுகளுக்கு மட்டும் வந்தது அல்ல. உலகத்திலேயே மிகப் பெரிய நூல் நிலையங்களுள் ஒன்றுக்கும் வந்தது. அங்கே அதைத் தீர்க்க உதவியவர்கள் பொதுமக்கள்.

கண்ணாடித் தகடுகள்

அமெரிக்கப் பாராளுமன்றத்துக்குக் "காங்கிரஸ்" என்று பெயர். காங்கிரஸ் நூல் நிலையம் வாஷிங்டன் நகரில் இருக்கிறது. 1800-ம் ஆண்டில் தொடங்கியது. அங்கே புத்தகங்களோடு, ஒரு கோடிக்கு மேற்பட்ட படங்களும் இருக்கின்றன.

ஜார்ஜ் கிரந்தம் பெயின் என்பவர் 1898-ல் நியூயார்க்கில் ஒரு கம்பெனி தொடங்கினார். பத்திரிகைகளுக்குப் போட்டோ கொடுப்பது அதன் வேலை. அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் படம் பிடிப்பார்கள். படத்தில் இருப்பவர் பெயரை அந்தத் தகட்டிலேயே எழுதி வைப்பார்கள்.

அவசர வேலை அல்லவா? பாதிப் பெயர்தான் இருக்கும். எழுத்துப் பிழை இருக்கும். பல தகடுகளில் தேதியே இராது.

1948-ல் இந்தச் சேகரிப்பை நூல் நிலையம் வாங்கியது. கண்ணாடித் தகடுகள் மட்டும் சுமார் 40 ஆயிரம்! ஒவ்வொன்றாக எடுத்து, "இவர் யார்? இது எந்த ஊர்?" என்று விசாரிக்க எத்தனை சிப்பந்திகள் வேண்டும்?

விளையாட்டில் பிறந்தது

இனி, கனடா நாட்டுக்கு வருவோம். அங்கே வான்கூவர் நகரில் ஸ்டூவர்ட் பட்டர்பீல்டு, கேத்தரினா பேக் என்ற தம்பதி ஒரு சிறு கம்பெனி நடத்தினார்கள். இணையத்தில் பலர் கூடி ஆடும் விளையாட்டு ஒன்றை அந்தக் கம்பெனி தயாரித்துக்கொண்டிருந்தது. அந்த விளையாட்டு நிலைக்கவில்லை. அந்த முயற்சியிலிருந்து வேறு ஒன்று பிறந்தது. அதுதான் "பிளிக்கர்". 2004 பிப்ரவரியில் அது வெளிவந்தது.

பிளிக்கரில் யார் வேண்டுமானாலும் தங்கள் போட்டோக்களைப் போட்டு வைக்கலாம், மற்றவர்களுக்குக் காட்டலாம். ஆனால் லட்சக்கணக்கான படங்கள் குவிந்தால், வேண்டிய படத்தை எப்படித் தேடுவது?

அதற்குத்தான் "டேக்" வந்தது. தமிழில் "குறிச்சொல்" என்பார்கள்.

சலவைக் குறி

சலவைக்குப் போகும் துணிகளில் ஓரமாக ஒரு சிறு குறி போடுவது உண்டு. ஆயிரம் வேட்டி ஒன்றாகக் கலந்தாலும், அந்தக் குறியைப் பார்த்து உரிய வீட்டில் சேர்த்துவிடுவார்கள். குறிச்சொல்லும் அப்படித்தான்.

கோயில் திருவிழாவில் எடுத்த ஒரு படம். அதற்கு "தேர்", "மதுரை", "2019" என்று மூன்று சொற்களை எழுதி வைக்கிறோம். பிறகு "தேர்" என்று தேடினால், தேர்ப் படங்கள் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். "மதுரை" என்று தேடினாலும் அதே படம் வரும்.

பெட்டியில் வைத்த போட்டோ ஒரு பெட்டியில்தான் இருக்க முடியும். குறிச்சொல் போட்ட படமோ, ஒரே சமயத்தில் பல பெட்டிகளில் இருக்கும்!

உதவிக்கு வந்த மக்கள்

2008 ஜனவரி 16-ந் தேதி, காங்கிரஸ் நூல் நிலையம் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பழைய படங்களைப் பிளிக்கரில் வைத்தது. பெயின் கம்பெனியின் படங்களும் அவற்றில் இருந்தன. "உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்" என்று பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது.

மக்கள் திரண்டு வந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபருக்குள், படங்கள் ஒரு கோடியே 4 லட்சம் தடவை பார்க்கப்பட்டன. சுமார் 2,500 பேர் 67 ஆயிரத்துக்கு மேற்பட்ட குறிச்சொற்களைச் சேர்த்தார்கள். பலர் படத்தின் கீழே குறிப்பும் எழுதினார்கள். பழைய பத்திரிகைகளைப் புரட்டி, தேதியைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. பேஸ்பால் ஆட்டக்காரர்களை அடையாளம் காட்டிய ரசிகர்கள் உண்டு.

நூல் நிலையத்தார் அவற்றை அப்படியே நம்பிவிடவில்லை. சரிபார்த்தார்கள். அந்தச் சில மாதங்களிலேயே 500-க்கு மேற்பட்ட படங்களின் பதிவுகள் திருத்தப்பட்டன. தகவல் பிளிக்கர் மூலம் கிடைத்தது என்றும் பதிவேட்டில் நன்றியோடு எழுதி வைத்தார்கள்.

ஒரு பைசா கூலி வாங்காமல், முகம் தெரியாத மனிதர்களுக்குப் பெயர் தேடிக் கொடுத்தார்கள், முகம் தெரியாத மனிதர்கள்!

வீட்டில் செய்யலாம்

இந்த வேலையை நம் வீட்டிலும் செய்யலாம். யார், எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன விசேஷம் - இந்த நான்கும் போதும்.

சொல்லைப் பார்த்துப் போட வேண்டும். "மாலை" என்றால் பூமாலையா, சாயங்காலமா? "ஆறு" என்றால் நதியா, எண்ணா? இயந்திரத்துக்குத் தெரியாது. "பூமாலை", "காவிரி ஆறு" என்று தெளிவாக எழுதுவது நல்லது. வெளியூரில் உள்ள பேரப்பிள்ளைகள் தேடுவதற்காக ஆங்கிலத்திலும் ஒரு சொல் சேர்க்கலாம்.

இன்றைய செல்போன்களில் பல, ஒரே முகம் உள்ள படங்களைத் தாமாகவே சேர்த்து வைக்கின்றன. ஆனால் அந்த முகம் "சின்னத் தாத்தா" என்பது போனுக்குத் தெரியாது. அதை மனிதர்தான் சொல்ல வேண்டும்.

எச்சரிக்கையும் வேண்டும். ஊரார் எல்லோரும் பார்க்கும் படத்தில் குழந்தையின் பெயர், பள்ளிக்கூடம், வீட்டு விலாசம் ஆகியவற்றை எழுதக் கூடாது. எளிதில் தேடி எடுக்க நமக்கு உதவும் சொல், கெட்டவனுக்கும் உதவும். குடும்பத்தார் மட்டும் பார்க்கும்படி வைக்க வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டும்.

இன்னொன்று: கம்பெனிகள் கை மாறும். பிளிக்கரை 2005-ல் யாகூ வாங்கியது. 2018-ல் ஸ்மக்மக் என்ற கம்பெனி வாங்கியது. ஆகவே படத்தின் பிரதி ஒன்று வீட்டிலும் இருக்கட்டும்.

இன்றே கேளுங்கள்

நூல் நிலையத்துக்கு உதவ ஊர் உலகம் வந்தது. நம் பரண் மேல் உள்ள பெட்டிக்கு யார் வருவார்கள்? அந்தக் கல்யாணப் பெண்ணை அறிந்தவர் குடும்பத்தில் ஒருவரோ, இருவரோதான் இருப்பார்கள். அவர்களுக்கும் வயதாகிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியை இறக்குங்கள். வீட்டில் மூத்தவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒவ்வொரு படமாகக் காட்டி, "இது யார்?" என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் எழுதட்டும்.