முன்பதிவில்லா மாணவர் மனநல ஆலோசனை

முன்பதிவில்லா மாணவர் மனநல ஆலோசனை என்பது கல்லூரி அல்லது பல்கலைக்கழக மாணவர் ஒருவர் முன்கூட்டி நேரம் கேட்காமலும் படிவம் நிரப்பாமலும் நேரில் வந்து, பயிற்சி பெற்ற ஆலோசகரிடம் சிறிது நேரம் பேசிச் செல்லும் சேவை ஆகும். இது தொடர் சிகிச்சை அன்று. மனத்தில் உள்ள சிக்கலைச் சொல்லிப் பார்ப்பது, அடுத்து என்ன செய்யலாம் என்று தெரிந்துகொள்வது, தேவைப்பட்டால் உரிய மருத்துவ உதவிக்கு வழி கேட்பது ஆகியவை இதன் நோக்கங்கள். வழக்கமான ஆலோசனை மையத்துக்கு வரத் தயங்கும் மாணவர்களை மனத்தில் வைத்து இம்முறை உருவானது.

சொல்

தமிழ்நாட்டில் 'கவுன்சிலிங்' என்ற சொல் மாணவர்களுக்கு முதலில் பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வையே நினைவூட்டும். மனநலம் தொடர்பாக அதே சொல் வரும்போது, 'தவறு செய்தவரைத் திருத்துவதற்கான அறிவுரை' என்ற பொருள் பலரிடம் உள்ளது. வகுப்புக்கு ஒழுங்காக வராதவரை 'கவுன்சிலிங்குக்கு அனுப்புவது' என்ற வழக்கம் இப்பொருளை வலுப்படுத்துகிறது. இதனால் தானாக விரும்பிச் செல்லும் இடமாக ஆலோசனை அறை பார்க்கப்படுவதில்லை. தமிழில் மனநல ஆலோசனை, உளவளத்துணை ஆகிய சொற்கள் வழங்குகின்றன. பின்னது இலங்கையில் பரவலாகப் பயன்படுகிறது.

தோற்றம்

துன்பத்தில் இருப்பவர் சொல்வதைத் தீர்ப்புச் சொல்லாமல் கேட்பதை ஒரு சேவையாக வளர்த்தவர்களுள் சாட் வாரா என்ற ஆங்கிலேயப் பாதிரியார் முக்கியமானவர். அவர் 1953 ஆம் ஆண்டு இலண்டனில் சமாரிட்டன்ஸ் அமைப்பைத் தொடங்கினார். அவ்வழியில், மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986 ஆம் ஆண்டு சென்னையில் சினேகா என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பை நிறுவினார். இதன் தன்னார்வலர்கள் தொலைபேசி வழியாகவும் நேரிலும் பேசுகின்றனர்.

பல்கலைக்கழகச் சூழலில் இம்முறைக்கு அதிகம் எடுத்துக்காட்டப்படுவது அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2000களில் நடைமுறைக்கு வந்த 'லெட்ஸ் டாக்' திட்டம் ஆகும். ஆசிய வம்சாவளி மாணவர்கள் உள்ளிட்ட சில பிரிவினர் ஆலோசனை மையத்துக்கு வரத் தயங்கியதால், ஆலோசகர்கள் மையத்தை விட்டு வெளியே வந்து வளாகத்தின் பல இடங்களில் குறித்த நேரங்களில் அமர்ந்தனர். பின்னர் வேறு பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் இதைப் பின்பற்றின. சிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006 ஆம் ஆண்டு தொடங்கிய 'நட்பு இருக்கை' இதற்கு நெருங்கிய மற்றொரு முயற்சி. அதில் பயிற்சி பெற்ற பாட்டிமார் மருத்துவ நிலையங்களின் வெளியே மர இருக்கையில் அமர்ந்து மக்களிடம் பேசுகின்றனர்.

நடைபெறும் முறை

ஆலோசகர் வாரத்தில் குறித்த நாளில், குறித்த நேரத்தில் நூலகம், விடுதி போன்ற மாணவர் புழங்கும் இடத்தில் ஓர் அறையில் இருப்பார். வந்தவர் வரிசைப்படி சந்திக்கலாம். பேச்சு பொதுவாக 15 முதல் 30 நிமிடங்கள் நீடிக்கும். கட்டணம் இல்லை.

எடுத்துக்காட்டாக, மூன்று தாள்களில் அரியர் வைத்துள்ள ஒரு மாணவர் அதை வீட்டில் சொல்லாமல் இருக்கிறார் எனக் கொள்வோம். அவருக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. இதை 'மனநோய்' என்று அவர் கருதுவதில்லை. ஆகவே மருத்துவரிடமும் செல்வதில்லை. முன்பதிவில்லாச் சந்திப்பில் ஆலோசகர் முதலில் முழுவதையும் கேட்பார். பிறகு தூக்கமின்மை எத்தனை நாளாக உள்ளது, சாப்பாடு எப்படி, உயிரை விடும் எண்ணம் வந்ததா என்று நேரடியாகக் கேட்பார். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்கும் என்ற அச்சம் தவறானது. கேட்பது பேசுவதற்கு வழி திறக்கிறது. இறுதியில் செய்யக்கூடிய ஒன்றிரண்டு செயல்களை இருவரும் சேர்ந்து முடிவு செய்வர். வீட்டில் முதலில் யாரிடம் சொல்வது, எந்தத் தாளை முதலில் எழுதுவது, மருத்துவரைப் பார்க்க வேண்டுமா என்பவை அவற்றுள் அடங்கும்.

தமிழ்நாட்டுச் சூழல்

சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794 ஆம் ஆண்டு வரை செல்கிறது. 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரே பேச்சுவழக்கில் கேலிச்சொல்லாக ஆனது, மனநல உதவி நாடுவோர் சந்திக்கும் இழிவுணர்வைக் காட்டுகிறது. ஆலோசனை அறைக்குள் நுழைவதை நண்பர்கள் பார்த்துவிடுவார்களோ என்ற தயக்கம் இதிலிருந்து வருகிறது. கல்லூரி தகவலை வீட்டுக்குச் சொல்லிவிடுமோ என்ற அச்சமும் இதனுடன் சேர்கிறது.

தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் மனநல நல்லாதரவு மன்றம் என்னும் 'மனம்' திட்டத்தை மருத்துவக் கல்லூரிகளில் தொடங்கியது. அதே காலத்தில் 14416 என்ற எண்ணில் 'நட்புடன் உங்களோடு' தொலைபேசி மனநல சேவையும் தொடங்கப்பட்டது. இது 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி-மானஸ் என்னும் தேசியத் திட்டத்தின் பகுதி ஆகும்.

சென்னையின் மேற்குப் புறநகர்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகள் தொழிற்பேட்டைகளுக்கும் பாதுகாப்புத்துறைத் தொழிற்சாலைகளுக்கும் பெயர் பெற்றவை. இன்று ஆவடி, திருவேற்காடு, பூந்தமல்லி, மதுரவாயல் வட்டாரத்தில் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் பொறியியல், கலை அறிவியல் கல்லூரிகளும் நெருக்கமாக உள்ளன. இவற்றில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளும் பயில்கின்றனர். கல்விக்கடன், அரியர், வளாக வேலைவாய்ப்புத் தேர்வு ஆகியவை இவர்களுக்குத் தனிப்பட்ட கவலைகள் மட்டும் அல்ல. குடும்பத்தின் எதிர்பார்ப்பு முழுவதும் அவற்றின் மீது இருக்கிறது. வீட்டில் கல்லூரி வாழ்க்கையை அறிந்தவர் இல்லாதபோது, சிக்கலை விளக்குவதே கடினமாகிறது.

இப்பகுதியில் இம்முறையை நடத்துவதற்கு நேரம் ஒரு முக்கியக் கூறு ஆகும். விடுதியில் தங்காத மாணவர்கள் கல்லூரிப் பேருந்திலோ, அரக்கோணம் தடத்தின் மின்சார இரயிலிலோ வந்து செல்கின்றனர். வகுப்பு முடிந்தவுடன் பேருந்து புறப்பட்டுவிடும். அதைத் தவறவிட்டால் வீட்டில் காரணம் சொல்ல வேண்டும். ஆகவே மாலை நேரச் சேவை இவர்களுக்கு எட்டாது. மதிய உணவு இடைவேளையும் காலை முதல் வகுப்புக்கு முந்தைய நேரமும் பொருத்தமானவை. விடுதி மாணவர்களுக்கு இதற்கு மாறாக இரவு உணவுக்கு முந்தைய நேரம் ஏற்றது.

அறையின் இடமும் இதைப் போன்றதே. முதல்வர் அறைக்கோ துறைத் தலைவர் அறைக்கோ அருகில் இருந்தால், அது ஒழுங்கு நடவடிக்கைக்கான இடமாகத் தோன்றும். பேராசிரியரே ஆலோசகராகவும் இருந்தால், அகமதிப்பீட்டு மதிப்பெண் போடுபவரிடம் மாணவர் மனம்விட்டுப் பேசுவது அரிது. மேல்சிகிச்சைக்கு, கீழ்ப்பாக்கம் காப்பகம் தவிர, 1984 ஆம் ஆண்டு மருத்துவர் எம். சாரதா மேனன் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பும் அண்ணா நகர் மேற்கு விரிவுப் பகுதியில், அம்பத்தூருக்கு அருகில் உள்ளது.

சட்டமும் விதிகளும்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 ஆம் ஆண்டு இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தனர். அவ்வாண்டின் மொத்தத் தற்கொலை இறப்புகளில் இது 7.6 விழுக்காடு ஆகும்.

2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 23 ஆம் பிரிவு மனநலத் தகவல்களின் இரகசியத்தை உரிமையாக்குகிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு போன்ற நிலைகளில் மட்டும் விலக்கு உண்டு. 115 ஆம் பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளப்படும்.

உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சுக்தேப் சாகா வழக்கில் அளித்த தீர்ப்பில், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்றது. சிறிய நிறுவனங்கள் வெளி வல்லுநர்களுடன் முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். உதவி எண்களை விடுதி, வகுப்பறை முதலிய இடங்களில் தெளிவாகக் காட்டவும் அது உத்தரவிட்டது.

வரம்புகள்

ஒரு குறுகிய சந்திப்பு கடும் மனச்சோர்வு, மனச்சிதைவு, போதைப்பழக்கம் போன்றவற்றுக்குச் சிகிச்சை ஆகாது. மேல்சிகிச்சைக்கு அனுப்பும் ஏற்பாடு இல்லாத இடத்தில், வந்தவர் பேசிவிட்டு அதே நிலையில் திரும்பிச் செல்வார். குறிப்புகள் குறைவாக வைக்கப்படுவதால், மீண்டும் வருபவர் தன் கதையை முதலிலிருந்து சொல்ல நேரலாம். முழு இரகசியம் என்று வாக்களிப்பதும் தவறு. உயிருக்கு ஆபத்து இருக்கும்போது மற்றவரிடம் சொல்ல நேரும் என்பதை ஆலோசகர் பேச்சின் தொடக்கத்திலேயே தெரிவிக்க வேண்டும். அதை மறைத்துவிட்டுப் பின்னர் வீட்டுக்குச் சொன்னால், அம்மாணவர் மட்டுமின்றி அவர் நண்பர்களும் அந்த அறைக்கு வரமாட்டார்கள்.

கல்வி அழுத்தம், சாதிப் பாகுபாடு, பாலியல் தொல்லை, கட்டணக் கெடுபிடி போன்ற காரணங்களை ஆலோசனையால் மட்டும் நீக்க முடியாது. அவற்றுக்கு நிர்வாகமும் சட்டமும் தனியே செயல்பட வேண்டும்.

உடனடி உதவி

தற்கொலை எண்ணம் உள்ளவர்களும் அவர்களைப் பற்றிக் கவலைப்படும் நண்பர்களும் 14416 என்ற எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழில் பேசலாம். உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்; உதவி வரும் வரை அவரைத் தனியே விடக் கூடாது.